பேசிக்கொண்டே இருங்கள், டீச்சர்

பேசிக்கொண்டே இருங்கள் டீச்சர், எதையாவது பேசுங்கள் என்று நான் சொன்னதும் செண்பகவல்லி டீச்சர் சிரிக்கிறார், "பேசாதேன்னு சொன்ன ஹெட்மாஸ்டருங்கதான் உண்டு மேடம், பேசுன்னு சொன்ன முத ஆளு நீங்கதான்" என்கிறார், குரல் நன்றாக இருக்கிறது, கணீரென்று இருக்கிறது, மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை விசில் ஊதாமலே திரும்பிப் பார்க்க வைக்கிற குரல், கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும், அவர் சொல்கிற விஷயம் வேண்டாம். தொண்டை உள்ளுக்குள் வீங்க ஆரம்பித்தால் முதலில் மாறுவது குரல், மானிட்டர் கத்துவதற்கு முன்னாலேயே குரல் சொல்லிவிடும், காது கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, முதல் பாட்டில், தண்ணீரோடு தண்ணீராக நூறில் ஒரு பங்குதான் மருந்து, இதே மருந்துதான் போன மாதம் கேன்சர் வார்டில் இவரைக் கொல்லப் பார்த்தது. அதுவரை எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு மட்டும் ஏற்றிய சில நிமிஷத்தில் முகம் சிவந்து, பிரஷர் இறங்கி, ஆள் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். உடம்புக்கு இந்த மருந்து பகையாகிவிட்டது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் வந்த கட்டி திரும்ப வந்திருக்கிறது, வேறு மருந்து இதில் பாதிகூடக் கேட்காது, அதனால் கேன்சர் டாக்டர்கள் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். வாசலில் மருத்துவ நோய் எதிர்ப்பியல் துறை என்று போர்டு இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை, எல்லோருக்கும் நாங்கள் அலர்ஜி டிபார்ட்மெண்ட், தும்மலுக்கும் தடிப்புக்கும் வருகிற இடம். இந்த அறையில் நாங்கள் செய்வது என்னவென்று சொன்னால் நம்ப மாட்டார்கள், உடம்பை ஏமாற்றுகிறோம், அதற்குத் தெரியாத அளவுக்குத் துளி கொடுத்து, பிறகு இன்னொரு துளி, பிறகு இன்னும் கொஞ்சம், அது விழித்துக்கொள்வதற்குள் முழு மருந்தையும் உள்ளே இறக்கிவிட வேண்டும்.

விழித்துக்கொண்டால் கைகொடுப்பதுதான் என் வலது கைப்பக்கத்து டிரேயில் இருக்கிறது, அட்ரினலின், உயிரைப் பிடித்து நிறுத்துகிற மருந்து, ஊசியில் ஏற்றித் தயாராக, புஷ்பம் சிஸ்டர் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டார், நான் இத்தோடு பல தடவை அதைப் பார்த்துவிட்டேன், இருக்கிறதா, இருக்கிறது, மூடி கழற்ற வருமா, வரும், மறுபடியும் பார்க்கிறேன். டீச்சர் தன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பாதியை யாரோ கார் நிறுத்தும் இடமாக ஆக்கிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் தலையாட்டுகிறேன். குரல் சரி. குரல் என்றால் எனக்கு அந்த மனிதர்தான், ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, சாத்தான்குளம் பக்கம், மத்தியான நேரம், ஆட்டோவில் கொண்டு வந்தார்கள், எங்கேயோ ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், உட்கார்ந்தபடியே வந்தார், சட்டையின் மேல்பட்டனைப் பிய்த்துவிட்டிருந்தார், "தண்ணி" என்றார் என்னைப் பார்த்து, தகரத்தை உரசின மாதிரி ஒரு சத்தம். கூட வந்த மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள், "இது அவுக குரலே இல்லம்மா, இது யாரு குரலோ." நாங்கள் எல்லாம் செய்தோம், பெரிய டாக்டரும் ஓடி வந்தார், செய்யக்கூடியது அத்தனையும் செய்தோம், வழியிலேயே நேரம் போய்விட்டிருந்தது. அந்தப் பெண் அழுததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, சொன்ன அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. மதுரைக்கு வந்து, இந்தப் படிப்பைப் படித்து, இந்தத் துறையில் நின்றதற்கு அவள்தான் காரணமோ என்று சில நாள் தோன்றும், பெரிய காரணமெல்லாம் இல்லை, பயம்தான், பயந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிற புத்தி.

வீட்டிலும் இதே கதைதான், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா என்று கூப்பிட்டால் அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்குள் இறங்குவதற்கு முன்னால் குரல் இறங்குகிறது, கம்மியிருக்கிறதா, கரகரப்பா, புதிதாக என்ன சாப்பிட்டாள், "ஐஸ்க்ரீம் சாப்பிட்டேன்மா, தொண்டை கட்டிருக்கு, எல்லாருக்கும் கட்டுற மாதிரிதான்" என்று அவளே சொல்லிவிடுகிறாள், என் கணவருக்குச் சிரிப்பு, நீ டாக்டரா, வீட்டுக்கு வைத்த அலாரமா என்கிறார். சிரிக்கட்டும். லேபுக்கு மாற்றிவிடுங்கள் என்று இந்த வருஷம் நானே கேட்டிருக்கிறேன், அங்கே ரத்தம் குழாயில் இருக்கும், குழாய் மூச்சுத் திணறாது, குழாய்க்கு வீட்டுக்காரர் கிடையாது, டீச்சருடைய வீட்டுக்காரரைப் போல வெளியே பெஞ்சில் டிபன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பாட்டில் மாற்றும் நேரம். புஷ்பம் சிஸ்டர் இரண்டாவதைத் தொங்கவிடுகிறார், இது முன்னதைப் போலப் பத்து மடங்கு, "டாக்டர், பிரஷர் நல்லாருக்கு" என்கிறார் நான் கேட்காமலே, என் முகத்தில் என்ன தெரிகிறதோ. கதவைத் தள்ளிக்கொண்டு இர்ஃபான் எட்டிப் பார்க்கிறான், எனக்கு ஜூனியர், புத்திசாலி, ஓ.பி. முழுவதையும் ஒற்றை ஆளாக இன்றைக்குச் சமாளிக்கிறான், "எப்படிப் போகுது மேடம்" என்கிறான், போகிறது என்கிறேன், டீச்சரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறான், பயமே இல்லாத பையன், அல்லது பயத்தை வெளியே காட்டத் தெரியாத பையன், இரண்டில் எது என்று நான் கேட்டதில்லை.

டீச்சர் கோகோ டீமுக்கு வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது, நடுவில் எங்கோ நான் நழுவிவிட்டேன், இப்போது ஒரு பெண், பெயர் மாரித்தங்கம், பிடித்தால் விடமாட்டாளாம், ஓடுகிறவளுடைய தோளைப் பார்க்காமல் பாதத்தைப் பார்ப்பாளாம், "பாதம் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் மேடம் ஆளு போகும், மூஞ்சி பொய் சொல்லும், கால் சொல்லாது", மாவட்டப் போட்டியில் ஜெயித்த அன்று அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவரே நடந்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கேட்கவில்லை, சொற்களை உதறிவிட்டு அடியில் ஓடுகிற சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது அதைக் கேட்காமல் தொண்டையைக் கேட்பது என்ன மாதிரி வேலை, அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், தெரியட்டும், உயிரோடு இருந்து கோபப்படட்டும். ஏசி சத்தம் அதிகமாக இருக்கிறது. அதை அணைக்கச் சொல்லலாமா, அணைத்தால் வியர்க்கும், வியர்த்தால் அது மருந்தால் வந்த வியர்வையா வெக்கையால் வந்ததா என்று தெரியாது, வேண்டாம், இருக்கட்டும். மானிட்டர், பாட்டில், டிரே, முகம், மறுபடியும் மானிட்டர். கண் சிமிட்டுவதற்குக்கூட யோசிக்கிறேன். மூன்றாவது பாட்டில் ஏறுகிறது, இதுதான் அசல், தண்ணீர் கலந்து குறைக்காத முழு மருந்து, ஏமாற்று வேலை அனேகமாக இங்கேதான் பிடிபடும், உடம்பு விழித்துக்கொண்டால் இந்தப் பாட்டிலில்தான் விழிக்கும், இதை நான் எத்தனையோ மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன், போர்டில் வரைந்து காட்டியிருக்கிறேன், வரைவது எளிது.

இப்போது ஏதோ மாறிவிட்டது. என்ன மாறியது. டீச்சர் "அந்தப் பிள்ள இப்ப திருச்சியில போலீஸா இருக்கு" என்கிறார், போலீஸ் என்ற சொல்லின் நடுவில் ஒரு சொரசொரப்பு, மணல் ஒட்டின மாதிரி. அடுத்த சொல்லில் இல்லை. அதற்கடுத்ததில் இருக்கிறது. இருக்கிறதா, நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா. மத்தியானத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார், நான்தான் பேசச் சொன்னேன், இத்தனை நேரம் பேசினால் யாருக்கும் தொண்டை கட்டும், ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன், கேட்பதற்காகப் பேச வைத்தேன், பேச வைத்ததாலேயே இப்போது கேட்பது எதுவென்று தெரியவில்லை. பேச்சால் வந்த கரகரப்பா, வீக்கத்தால் வந்த கரகரப்பா. நிறுத்திவிட்டால் ஆபத்தில்லை, ஆனால் நிறுத்தினால் இது இரண்டாவது தடவையாகத் தோற்றதாகும், கேன்சர் டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இதுவும் ஒத்துவரவில்லை என்றால் மறுபடி இந்த மருந்தைத் தொட மாட்டோம் என்று, வெறும் தொண்டைக்கட்டுக்குப் பயந்து அவருடைய கடைசி நல்ல மருந்தை நான் பிடுங்கிப் போட்டதாகும். நிறுத்தாவிட்டால். தண்ணி என்று கேட்டாரே அந்த மனிதர். இது அவுக குரலே இல்லம்மா. "டீச்சர், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்கிறேன், குடிக்கிறார், விழுங்க முடிகிறது, முகத்தைச் சுளிக்கவில்லை, "இப்ப பேசுங்க", "என்னத்தப் பேச மேடம், எல்லாத்தையும் பேசியாச்சே", சொரசொரப்பு இருக்கிறது, இல்லை, இருக்கிறது. ஆக்சிஜன் சரி. பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கொஞ்சம்தான், படுத்தே இருந்தால் இறங்கும். சிஸ்டரிடம் இர்ஃபானைக் கூப்பிடச் சொல்கிறேன், என் குரல் சாதாரணமாக வந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது.

இர்ஃபான் வருகிறான், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறான், முதுகிலும் கேட்கிறான், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று கண்ணால் சொல்கிறான், "எங்கயாச்சும் அரிக்குதாம்மா, உள்ளங்கை, உள்ளங்கால், தலை?" "இல்ல சார்." "தொண்டையில எதுவும் அடைக்கிற மாதிரி?" "இல்லவே இல்ல சார், பேசிப் பேசித்தான்." என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மேடம், இது பேச்சுக் களைப்புதான், ஓட விடலாம்" என்கிறான், அவன் சொல்வது நியாயம்தான், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் டீச்சர் பதில் சொன்ன வேகம், கேள்வி முடிவதற்குள் இல்லை என்றது, பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளை கேட்காமலே இல்லை டீச்சர் என்னுமே அந்த இல்லை. போர்வை. இவ்வளவு நேரமும் கையை ஆட்டி ஆட்டிப் பேசியவர் இப்போது இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்திருக்கிறார், போர்வையின் ஒரு மடிப்பு அசைகிறது, மெதுவாக, விடாமல், நின்று, மறுபடியும். போய்ப் போர்வையை விலக்குகிறேன். ஒரு கையின் நகத்தால் இன்னொரு உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருக்கிறார், உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கிறது, மணிக்கட்டுவரை ஏறியிருக்கிறது. டீச்சர் என்னைப் பார்க்கிறார், பிடிபட்ட பிள்ளையின் முகம், "லேசாத்தான் மேடம்" என்கிறார், அந்த மேடம் பாதியில் உடைகிறது, உடைந்த பாதி வேறு யாருடைய குரலோ.

நிறுத்துங்கள் என்று கத்தியது நான்தான், புஷ்பம் சிஸ்டர் அதற்குள் குழாயை அடைத்துவிட்டார், டீச்சர் இருமுகிறார், ஒரு இருமல், இன்னொன்று, நாய் குரைப்பது போல, முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போவது கண்ணுக்குத் தெரிகிறது, இர்ஃபான் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துகிறான், ஆக்சிஜன் முகமூடி, டிரே, மூடி கழன்றது, சேலையை ஒதுக்கித் தொடையின் பக்கவாட்டில், சதைக்குள், முழுவதும் இறக்கிவிடுகிறேன். பிரஷர் இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. ஸலைனை வேகமாக விடுகிறோம். டீச்சர் என் மேல்கோட்டைப் பிடித்துக்கொள்கிறார், பட்டன் இருக்கும் இடத்தில், பேச முடியவில்லை, வாய் அசைகிறது, தண்ணி என்றுதான் சொல்லப்போகிறார், சொல்லாதே, அதை மட்டும் சொல்லாதே, அந்தச் சொல்லை இந்த அறைக்குள் கொண்டு வராதே. நேரம் என்று ஒன்று ஓடுகிறதா. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடிக்கிறது, இது தேவையா கடவுளே, விசில். இரண்டாவது ஊசியை இர்ஃபான் கையில் எடுத்துவிட்டான், என்னைப் பார்க்கிறான், பொறு, இன்னும் கொஞ்சம், இதோ, சத்தம் குறைகிறது, குறைகிறதா, ஆமாம், பிரஷர் இறங்குவது நின்றுவிட்டது, அங்கேயே நிற்கிறது, ஏறுகிறது. டீச்சர் முகமூடிக்குள்ளிருந்து என்னவோ சொல்கிறார், குனிந்து கேட்கிறேன், "அவருட்டச் சொல்லாதீங்க" என்கிறார். குரல் மோசமாக இருக்கிறது, ஆனால் அவருடையதுதான்.

நிறம் இறங்கி, இருமல் நின்று, ஆள் தெளிந்த பிறகு தாழ்வாரத்தில் இர்ஃபான் என்னிடம் சண்டை போடுகிறான், குரலை உயர்த்தாமல், "முடிச்சிருவோம் மேடம், இன்னிக்குப் போதும், அவங்க மறைக்கிறாங்க, மறைக்கிற பேஷண்டுக்கு நாம என்ன பண்ண முடியும்" என்கிறான், அந்த இரண்டாவது ஊசியை அவன் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன், முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். அவனுக்கும் பயம் இருக்கிறது. அது தெரிந்ததில் எனக்குத் தைரியம் வர வேண்டும், வரவில்லை, பயம் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு மடங்காகிறது. மீதி மருந்து பாட்டிலில் தொங்குகிறது, பாதிக்கு மேல். வழி உண்டு, எங்களுக்குத் தெரியும், படித்திருக்கிறோம், செய்திருக்கிறோம், உடம்பு அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மறுபடி தொடங்கலாம், பெரும்பாலும் அப்போது ஏற்றுக்கொள்ளும், பெரும்பாலும் என்கிற சொல்லை எந்த மடையன் கண்டுபிடித்தான். உள்ளே போய்க் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் டீச்சர் மறைச்சீங்க" என்று கேட்கிறேன், திட்டத்தான் போனேன், திட்டு வரவில்லை. "சொன்னா நிறுத்திருவீங்கள்ல" என்கிறார், கூரையைப் பார்த்துக்கொண்டு, "போன மாசமும் நிறுத்திட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அவரு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதாரு மேடம், எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிக்கிட்டு. அதான், கொஞ்சம் பொறுத்துக்கிட்டா முடிஞ்சிரும்னு பார்த்தேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மிச்சத்தையும் ஏத்துவீங்களா?"

ஏற்றலாம் என்றால் ஏற்ற வேண்டும், வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், இர்ஃபான் உட்பட எல்லோரும் சரியென்றுதான் சொல்வார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம், ஆறு மாதம் கழித்து இவர் எங்கோ ஒரு வார்டில் வயிறு வீங்கிப் படுத்திருக்கும்போது எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. "ஏத்துறேன்" என்று என் வாய் சொல்கிறது, "ஆனா ஒரு நிபந்தனை, இனிமே நீங்க பேச வேண்டாம், இப்படிக் கையைக் குடுங்க." இரண்டு உள்ளங்கையையும் மேல்நோக்கி விரித்து என் கையின் மேல் வைத்துக்கொள்கிறேன், அவர் எதை மறைத்தாலும் இந்தத் தோல் மறைக்காது. புஷ்பம் சிஸ்டர் குழாயைத் திறக்கிறார், பாதி வேகம், அதற்கும் கீழே. இர்ஃபான் போகவில்லை, கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான், ஓ.பி. காத்திருக்கட்டும் என்கிறான். உள்ளங்கை ரேகைகளுக்கு நடுவில் இளஞ்சிவப்பு, அது இருப்பதுதானா, இப்போது வந்ததா, கயிறு இழுத்துக் காய்த்துப்போன இடங்கள் வெளிறியிருக்கின்றன, சூடு ஏறுகிறதா, அது என் கையின் சூடா, டீச்சரின் விரல் ஒன்று மடங்குகிறது, அரிப்பா, "இல்ல மேடம், மரத்துப்போச்சு, நெசமாத்தான்" என்கிறார், நம்புகிறேன், நம்பவில்லை, பார்க்கிறேன். ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து இல்லாமல் போகிறது. சொட்டு, இன்னொரு சொட்டு, இடையில் இருக்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் எல்லாம் நடந்துவிடுகிறது, எல்லாம் நடக்காமலும் இருக்கிறது. பிறகு பாட்டிலின் அடியில் ஒன்றும் இல்லை, குழாயில் மட்டும் கொஞ்சம், பிறகு குழாயிலும் இல்லை, புஷ்பம் சிஸ்டர், "முடிஞ்சுது டாக்டர்" என்கிறார், நான் இன்னும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை, மெல்லக் கையை எடுத்து ரத்தம் ஓடுவதற்காக உதறிக்கொள்கிறார். வீட்டுக்காரரை உள்ளே விட்டாயிற்று, அவர் கதவோரமாகவே நின்று, காலி பாட்டிலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்க்கிறார், கிட்டே வருவதற்குப் பயம். "இனிமே ஒத்துக்கிடும்ல மேடம்? உடம்பு பழகியிருக்கும்ல?" என்று டீச்சர் கேட்கிறார். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் கேட்பார்கள், காலையில் விளக்கிச் சொல்லி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவர்களும் சாயங்காலம் இதைக் கேட்பார்கள். "இல்ல டீச்சர். ரெண்டு நாள்ல உடம்பு இதை மறந்துரும், பகை மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அடுத்த மாசம் மறுபடியும் முதல் பாட்டில்லேருந்துதான். ஒவ்வொரு தடவையும்." அவர் கண் என் முகத்திலேயே இருக்கிறது. "அப்ப நீங்க இருப்பீங்களா?" இர்ஃபான் இருக்கிறான், சொல்லிக் கொடுத்தால் செய்வான், லேபில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன், சீக்கிரம் கிடைத்துவிடும், பார்க்கலாம் டீச்சர் என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை. "இருப்பேன்" என்கிறேன். உரக்கச் சொல்லிவிட்டேன், கதவோரம் நிற்கிற மனிதருக்கும் கேட்டுவிட்டது, அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார், அடுத்த மாதம் இப்போதே தொடங்கிவிட்டது.